நாலு தறிக்கு ஒரு ஆள்

ஆரணிப் பட்டுக்குத் தறி ஓட்டுகிற வீடு எங்களுடையது. ஊர் திருமலை. 1990-ல் பிளஸ் டூ முடித்ததும் அப்பா சொல்லிவிட்டார். "தறி என்னோட போகட்டும். நீ போய் எம்ப்ளாய்மென்ட்டுல பதிஞ்சுட்டு வா."

பதிந்தேன். அட்டை கொடுத்தார்கள். அப்பா அதை சாமி படத்துக்குப் பின்னால் செருகி, வெள்ளிக்கிழமைதோறும் குங்குமம் வைத்தார். "இன்டர்வியூ கார்டு வந்துச்சா?" என்று அவர் கேட்ட கேள்வியில் தபால்காரர் எங்கள் தெருவைக் கண்டாலே சைக்கிளை வேகமாக மிதிப்பார்.

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். விட்டால் சீனியாரிட்டி போச்சு! 1996-ல் இரண்டாம் முறை புதுப்பிக்கப் போனபோது, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அப்பாவும் கூட வந்தார். கவுன்ட்டரில் பிடித்துக்கொண்டார்.

"ஆறு வருஷமா ஒரு கார்டு வரலையே சார், எம் பையன் பேரை எடுத்தே பாக்க மாட்டீங்களா?"

அந்தக் கிளார்க் கோபப்படவில்லை. பின்னால் இருந்த பீரோக்களைக் காட்டினார். "பெரியவரே, அதுல இருக்கறது பூரா உங்க பையன் மாதிரிப் பிள்ளைங்கதான். பாக்கறதுக்கு நாங்க மூணு பேர்."

பஸ்ஸில் அப்பா வாயே திறக்கவில்லை. ஊர் நெருங்கும்போதுதான் சொன்னார்: "நாலு தறிக்கு ஒரு ஆளை உக்கார வெச்சா, எந்தச் சேலைடா முடியும்?"

அதே வருஷம் சுப்ரீம் கோர்ட், எம்ப்ளாய்மென்ட் பட்டியலோடு நிற்காமல் பத்திரிகையிலும் விளம்பரம் கொடுங்கள் என்றது. அப்படி ஒரு விளம்பரம் பார்த்துத்தான் எனக்கு வேலை கிடைத்தது. கார்டு கடைசிவரை வரவில்லை.

2023-ல் தமிழ்நாட்டில் பதிந்து காத்திருந்தவர்கள் 60 லட்சத்துக்கும் மேல். 2006-ல் உதவித்தொகை வந்தது; பட்டதாரிக்கு இப்போது மாதம் 600 ரூபாய், மூன்று வருஷத்துக்கு. அந்த விண்ணப்பமும் அதே மேஜைக்குத்தான் போகிறது. பணக்கார பிரிட்டனிலேயே வேலை தேடுகிறவருக்கு ஆலோசகர் ஒதுக்குவது பத்து நிமிஷம்தானாம்!

இப்போது பதிவு ஆன்லைனில். போன மாசம் என் பையனுக்கு நானே பதிந்தேன், ஐந்து நிமிஷ வேலை. கம்ப்யூட்டர் பெயரை வாங்கிக்கொண்டது. "தம்பி, உனக்கு என்ன வரும்? எதுல ஆசை?" என்று மட்டும் கேட்கவில்லை. அதற்கு ஒரு ஆள் வேண்டும் சார்.

அப்பா போன பிறகு அவர் பெட்டியைத் திறந்தேன். பட்டுத்துணியில் சுற்றி, என் பழைய அட்டை. குங்குமம் அப்படியே இருந்தது.