நச்சுநீக்க உணவுமுறையும் பாலாற்றுப் படுகையின் குடிநீரும்

சில நாட்களுக்குப் பழச்சாறு, காய்கறி, மிகுதியான நீர் ஆகியவற்றை மட்டுமே உட்கொண்டு உடற்கழிவுகளை அகற்றலாம் என்னும் நச்சுநீக்க உணவுமுறை, அருந்தும் நீர் தூயது என்ற அனுமானத்தின் மீதே நிற்கிறது. பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் ஆலைகள் நிறைந்த ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்துக் கிணறுகள் பலவற்றில் அந்த அனுமானம் செல்லாது. கழிவகற்றும் பணியைக் கல்லீரலும் சிறுநீரகமும் இடையறாது செய்துவருகின்றன. அவற்றுக்கு வேண்டியது போதிய நல்ல நீரே தவிர, வெள்ளரித் துண்டு மிதக்கும் கண்ணாடிக் குடுவை அன்று.

ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறத்தாழ 35 லிட்டர் நீர் தேவை என்றும், தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்றும், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பதிவு செய்தது.

பச்சைத்தோல் அழுகாதிருக்கத் தூவப்படும் உப்பும், பதனிடப் பயன்படும் குரோமியம் என்னும் உலோகமும் நிலத்தடி நீரில் கலக்கும்போது, கொதிக்கவைத்தல் பயன் தராது. கிருமிகள் மடியுமே ஒழிய, நீர் ஆவியாக ஆவியாக உப்பின் செறிவு கூடவே செய்யும். கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ளும், குரோமியம் 0.05 மில்லிகிராமுக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரையறை. இவற்றைப் பெருமளவு நீக்கவல்ல எதிர்ச்சவ்வூடு பரவல் முறை, அதாவது நீரை அழுத்தத்தால் நுண்சவ்வின் வழியே செலுத்தும் ஆர்.ஓ. இயந்திரம், பிரித்தெடுத்த உப்பைக் கழிவுநீராக மீண்டும் சாக்கடைக்கே அனுப்புகிறது என்பது வேறு கணக்கு.