இரண்டாந்தரம் வந்த தூதன்



ஒருமுறை நிறுத்திய மாத்திரையை மறுபடியும் தொடங்கலாமா? சர்க்கரை நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ உரிய மாத்திரையாக இருந்தால், இக்கேள்வியை எந்த விசுவாசியும் என்னிடம் கேட்பதில்லை. நேரே மருத்துவரிடம் போகிறார். மனச்சோர்வுக்கான மாத்திரையாக இருந்தால் மட்டும் அது போதகரிடம் வருகிறது. அதுவும் ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்தபின், தாழ்ந்த குரலில் வருகிறது. அந்தக் கேள்வி எனக்கே வந்த காலத்தைக் குறித்து இங்கே எழுதுகிறேன்.

2021ஆம் ஆண்டு, கொரோனாவின் இரண்டாம் அலை ஓய்ந்தபின் என் உள்ளம் சோர்ந்துபோயிற்று. அந்நாட்களில் தாராவியில் துக்க வீடுகளுக்குப் போய் ஆறுதல் சொல்லிவந்தவன், பின்பு என் வீட்டிலேயே பேச வார்த்தையற்றுப்போனேன். அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வரும். பின்பு உறக்கம் இல்லை. வேதத்தைத் திறந்தால் எழுத்துகள் தெரியும். பொருள் உள்ளே இறங்காது. மருத்துவர் இதை மனச்சோர்வு நோய் என்றார்; எஸ்சிடாலோப்ராம் என்னும் மாத்திரையைக் கொடுத்தார். ஆறு வாரங்களில் உறக்கம் திரும்பியது; மெதுவாகச் சிரிப்பும் திரும்பியது. ஓராண்டுக்கு மேல் சாப்பிட்டபின், மருத்துவரே அளவைப் படிப்படியாகக் குறைத்து, 2023இன் தொடக்கத்தில் நிறுத்தினார். நான் சபையில் நின்று கர்த்தருக்கு நன்றி சொன்னேன். சபையார் கைதட்டி, அதை ஒரு பெரிய சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

2024ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அந்த மூன்று மணி விழிப்பு திரும்பி வந்தது. புதிதாய் ஒரு மரணமும் இல்லை, கடனும் இல்லை. முதலில் கண்டுகொண்டவள் என் மனைவி. “நீங்கள் சாப்பிடும்போது ருசி பார்ப்பதே இல்லை” என்றாள். மாத்திரையைத் தொட்டால் அந்தச் சாட்சி என்ன ஆகும் என்பதே அப்பொழுது என் மனதில் முன்னே நின்ற கேள்வி.

இது நோயா, மருந்தை விட்டதன் விளைவா?

மருத்துவர் முதலில் கேட்டது இதுவே. மனச்சோர்வு மாத்திரையை, அதிலும் திடீரென்று, நிறுத்தினால் சிலருக்குச் சில நாட்களுக்குள் தலைசுற்றல், குமட்டல், பதற்றம், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வு ஆகியவை உண்டாகும். பெரும்பாலோருக்கு இவை சில வாரங்களில் தணியும், சிலருக்கு நீடிக்கும். நோய் திரும்புவதோ வேறுவகை. அது பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் கழித்து, சத்தமில்லாமல் வரும்: உறக்கம் கெடும், பசி மாறும், பிரியமானவற்றிலும் விருப்பம் அற்றுப்போகும், காரணமில்லாத குற்ற உணர்வு அழுத்தும், சாவைப் பற்றிய நினைவு எழும். இவற்றில் பல இரண்டு வாரங்களுக்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் நீடித்தால், அது வெறும் கவலையன்று. எனக்கு மாத்திரை நின்று ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஆகவே இது நோயே என்று தெளிவாயிற்று.

தாராவியில் காசநோய் மாத்திரையை அறியாத குடும்பம் குறைவு. இருமல் நின்றதும் மாத்திரையை விட்டுவிட்டு, பின்பு கடினமான நோயோடு திரும்பினவர்களை நாம் பார்த்திருக்கிறோம். மனச்சோர்வு மருந்தின் கதையே காசநோய் மருத்துவமனையில்தான் தொடங்கியது. 1952ஆம் ஆண்டு நியூயார்க்கில், காசநோய்க்காக இப்ரோனியசிட் என்னும் மருந்தைப் பெற்ற நோயாளிகள் வழக்கத்துக்கு மாறாக உற்சாகமடைந்ததை மருத்துவர்கள் கவனித்தார்கள். 1957 முதல் அது மனச்சோர்வுக்குக் கொடுக்கப்பட்டது. கல்லீரலுக்குக் கேடு செய்ததால் பின்னர் கைவிடப்பட்டாலும், வழி அங்கேதான் திறந்தது.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. காசநோய்க் கிருமியைச் சளியில் காணலாம். மனச்சோர்வைக் காட்டும் இரத்தப் பரிசோதனை இல்லை. நிறுத்திய எல்லாருக்கும் நோய் திரும்புவதும் இல்லை. பிரிட்டனில் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஓர் ஆய்வில், நெடுநாள் மருந்து சாப்பிட்டு நலமாயிருந்த 478 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஓராண்டுக்குள், மருந்தைத் தொடர்ந்தவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கும், படிப்படியாக நிறுத்தியவர்களில் 56 பேருக்கும் நோய் திரும்பியது. நிறுத்தியவர்களில் 44 பேர் நலமாகவே இருந்தார்கள். தொடர்ந்தவர்களிலும் 39 பேர் மறுபடி விழுந்தார்கள். மாத்திரையை விட்டவர் விசுவாச வீரர் என்றோ, சாப்பிடுகிறவர் தோற்றவர் என்றோ தீர்ப்புச் சொல்ல இந்த எண்களில் இடமில்லை.

இது அவிசுவாசமா?

எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தான். கர்த்தர் கேட்டு, அவன் ஆயுசில் பதினைந்து வருஷங்களைக் கூட்டினார். அதே அதிகாரத்தில் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி, பிளவையின்மேல் பற்றுப் போடச் செய்கிறான் (2 இராஜாக்கள் 20). ஜெபத்துக்குப் பதில் கிடைத்த வீட்டில் மருந்துக்கும் இடமிருந்தது. தீமோத்தேயு அடிக்கடி பலவீனப்பட்டான். பவுல் அவனைக் கடிந்துகொள்ளாமல் வயிற்றுக்கு ஏற்றதைச் சொன்னான் (1 தீமோத்தேயு 5:23).

நம் தேசத்தில் ஊழியம் செய்த ஸ்டான்லி ஜோன்ஸை நினைத்துப் பார்க்கிறேன். ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில் அவருடைய உடலும் மனமும் குலைந்தன. லக்னோவில் ஓர் ஆலயத்தில் ஜெபிக்கையில் விடுதலை பெற்றதாக அவரே சாட்சி கூறினார். அதே லக்னோவில் 1950ஆம் ஆண்டு நூர் மன்சில் என்னும் மனநல மையத்தை ஏற்படுத்தியவரும் அவரே. ஜெபத்தினால் சுகம்பெற்றவர் மற்றவர்களுக்கு மருத்துவத்தின் கதவை அடைக்கவில்லை.

என் சாட்சியும் பொய்யாகவில்லை. 2023இல் நான் நலமாயிருந்தது மெய். அதற்காக நன்றி சொன்னதும் மெய். கல்லறையிலிருந்து எழுப்பப்பட்ட லாசருவும் சாவை என்றென்றைக்கும் தாண்டிவிடவில்லை. அதனால் அந்த அற்புதம் அற்புதமல்லாமல் போய்விடுமோ?

எடுத்த முடிவு

என் மனைவியோடு அமர்ந்து ஜெபித்தேன். பின்பு மருத்துவரிடம் இருவரும் சென்றோம். முன்பு உதவிய அதே மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கினார். முதல் பத்து நாட்கள் குமட்டலும் படபடப்பும் இருந்தன. நான்காம் வாரத்தில் விடியும்வரை உறங்கினேன். இம்முறை இரண்டு ஆண்டுகளாவது தொடரும்படி சொன்னார். வாரந்தோறும் ஓர் ஆலோசகரிடம் பேசவும், காலையில் நடக்கவும் தொடங்கினேன்.

அதன்பின் ஒரு ஞாயிறு சபையில் இதை அப்படியே சொன்னேன். அன்று யாரும் கைதட்டவில்லை. ஆனால் அந்த வாரத்தில் மூன்று பேர் வந்தார்கள். இட்லி வியாபாரம் செய்யும் ஒரு சகோதரி, தெரு முனையில் இருக்கும் மெடிக்கலில் சபைப் பையன் வேலை செய்வதால், மாட்டுங்கா வரை போய் மாத்திரை வாங்குவதாகச் சொன்னார். “ஐயா, இனி நான் இங்கேயே வாங்கலாம் அல்லவா?” என்று கேட்டார். 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, நம் நாட்டில் மனச்சோர்வுள்ளவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் சிகிச்சை பெறாதிருந்தார்கள். நம் மௌனமும் அதற்கு ஒரு காரணமே.

அன்பானவர்களே, இதே கேள்வியோடு இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். அலமாரியில் மீதியிருக்கும் பழைய அட்டையை எடுத்து நீங்களாகவே தொடங்காதிருங்கள். முன்பு சாப்பிட்ட அளவு இப்பொழுது ஏற்றதாக இருக்க வேண்டியதில்லை. அளவு மீறிய உற்சாகமும் உறக்கமே வேண்டாத நாட்களும் முன்பு இருந்தால், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு மருந்து மாறும். இருபத்தைந்து வயதுக்குட்பட்டவர் தொடங்கும்போது, முதல் வாரங்களில் வீட்டார் அருகிலிருந்து கவனியுங்கள். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள், சில வேளை அதற்கும் மேல் ஆகும். நோய் இலேசாயிருந்தால் மருத்துவர் மாத்திரையின்றிப் பேச்சுச் சிகிச்சையையே சொல்லலாம், அதையும் கேட்டறியுங்கள். சயான் மாநகராட்சி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற அரசின் டெலி மனஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம். சாவைப் பற்றிய நினைவு வந்தால், அடுத்த ஞாயிறுவரை காத்திராமல் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள்.

எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, தன் பிராணன் போகட்டும் என்று கேட்டான். தூதன் அவனைத் தட்டியெழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டபின்பும் அவன் திரும்பப் படுத்துக்கொண்டான். தூதன் மறுபடியும் வந்தான். “முன்பு கொடுத்தது என்னவாயிற்று?” என்று கேட்கவில்லை, அவனுக்கு முன்னிருந்த பயணம் நீண்டது என்பதை அறிந்து, இன்னும் ஒருமுறை சாப்பிடச் சொன்னான் (1 இராஜாக்கள் 19). அந்த இரண்டாம் போஜனத்தின் பலத்தினால்தான் எலியா நாற்பது நாள் நடந்து ஓரேபை அடைந்தான்.

இரண்டாந்தரம் நீட்டப்படும் அப்பத்தையும் ஸ்தோத்திரத்தோடு வாங்கிக்கொள்ளக் கர்த்தர் நமக்குக் கிருபை செய்வாராக. ஆமென்.