வாசலில் கிடைத்த தரிசனம்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் தல யாத்திரைக்கோ உறவினர் இல்லத்துக்கோ புறப்படாத குடும்பம் அரிது. துணிமணி, மருந்து, குழந்தைகளுக்குத் தின்பண்டம், வேண்டுதலுக்கு முடிந்துவைத்த காணிக்கை என ஒவ்வொன்றாக நினைத்து எடுத்துவைப்பார்கள். வாசற்படியில் படுத்திருக்கும் ஒரு ஜீவனைப் பற்றிய கேள்வி மட்டும் பெரும்பாலும் கடைசி நாளில்தான் எழும். நாயை என்ன செய்வது? அண்டை வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போகலாம். தெருவில் எதையேனும் தின்று பிழைத்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டும் போகலாம். இவ்விரண்டும் இயலாதபோது உடன் அழைத்துச் செல்ல வேண்டியதுதான். அப்படி அழைத்துச் சென்ற ஒரு முதிய தம்பதியர் சுண்ணாம்புக்குளத்தில் இருக்கிறார்கள்.

பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையோரம், கும்மிடிப்பூண்டி வட்டத்தில் அமைந்த ஊர் சுண்ணாம்புக்குளம். சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக, நம் நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி என்னும் பெருமை பழவேற்காட்டுக்கு உண்டு. தமிழகத்திலும் ஆந்திரத்திலும் பரந்து கிடக்கும் அந்த நீர்ப்பரப்பை வங்கக் கடலிலிருந்து பிரித்து நிற்பது ஸ்ரீஹரிகோட்டா தீவு. ஏரி அகன்றதே தவிர ஆழமானதன்று. பல இடங்களில் ஆள் இறங்கி நடக்கலாம். இறாலும் நண்டும் மடவை மீனும் தந்து கரையோர மக்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவருகிறது.

அத்தகைய மீனவக் குடும்பம் ஒன்றின் பெரியவருக்கு வயது எழுபதை நெருங்குகிறது. அவரது வீட்டு நாய்க்கு மணி என்று பெயர். குட்டியாக இருந்தபோது யாரோ கரையில் விட்டுச் சென்றது. அன்று முதல் அவர் படகு தள்ளும்போது உடன் வந்து நிற்பதும், திரும்பும்வரை கரையிலேயே காத்துக் கிடப்பதும் அதன் நித்திய கடமையாயின. மார்கழி விடியலில் பனி மூடி, கரை எந்தத் திசை என்று தெரியாமல் அவர் துழாவி நின்ற நாள்களில், மணியின் குரலைக் கேட்டே படகைத் திருப்பியிருக்கிறார். நகரத்து வீடுகளில் வளரும் உயர்சாதி நாய் அன்று; வலையில் கழிந்த மீனைத் தின்று வளர்ந்த நாட்டு நாய்.

கோடையில் ஏரியின் நீர் வற்றி ஒடுங்கும். கடலோடு ஏரியை இணைக்கும் முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிடும். பாடு குறையும். பாடு குறைந்தால் கரையில் சிதறும் மீனும் குறையும். அதை நம்பி வாழும் நாய்களின் வயிறும் காயும். ஊரில் விட்டுச் சென்றால் எதையாவது தின்று பிழைக்கும் என்னும் ஆறுதல் ஐப்பசியில் பொருந்தலாம், சித்திரையில் பொருந்தாது. அதிலும் மணிக்கு வயதாகிவிட்டது. இளைய நாய்களோடு போராடி உணவு பெறும் வலிமை அதற்கில்லை. ஆகவே, சென்னையில் வேலை பார்க்கும் மகன் பத்து நாள் வந்து தங்கும்படி அழைத்தபோது பெரியவர் சொன்ன மறுமொழி ஒன்றுதான்: "மணிக்கும் சேத்து எடம் இருக்குதான்னு பாரு."

பயணமே முதல் சோதனையாயிற்று. ரயிலில் நாயை உடன் வைத்துக்கொள்ள வேண்டுமானால் முதல் வகுப்பில் ஒரு தனியறையை முழுவதுமாகப் பதிவு செய்ய வேண்டும். அல்லது கார்டு பெட்டியில் உள்ள கூண்டில் ஏற்ற வேண்டும். கும்மிடிப்பூண்டியிலிருந்து புறப்படும் நெரிசல் மிகுந்த மின்ரயிலில் நாயோடு ஏறுவது நினைக்கவும் முடியாத காரியம். முடிவில், சரக்கு ஏற்றிச் சென்னைக்குப் போகும் உறவினரின் 'குட்டி யானை' வண்டியில், பின்புறம் சாக்கு விரித்து, மணியின் கழுத்துச் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு பெரியவரே அமர்ந்து சென்றார். அவர் மனைவி முன்னிருக்கையில் இருந்தார். புறப்படுவதற்கு முன்பே கால்நடை மருந்தகத்துக்கு அழைத்துச் சென்று வெறிநோய்த் தடுப்பூசியைப் போட்டு, அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தியிருந்தார்.

அவர்கள் சென்னைக்கு வந்தது அக்னி நட்சத்திரக் காலம். சிவாலயங்களில் இறைவன் திருமுடிக்கு மேல் தாரா பாத்திரம் கட்டி, துளித் துளியாகக் குளிர்ந்த நீர் விழச் செய்யும் நாள்கள். நீர் நிறைந்த கரையில் வாழ்ந்த மணிக்கு நகரத்துத் தார்ச்சாலை நெருப்பாய்ச் சுட்டது. மனிதரைப் போல் உடல் முழுதும் வியர்த்துக் குளிரும் அமைப்பு நாய்க்கு இல்லை; நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தே வெப்பத்தை ஆற்றிக்கொள்ள வேண்டும். ஆகையால் விடியற்காலையிலும் இருட்டிய பின்னருமே அதை வெளியே நடத்திச் சென்றார் பெரியவர். ஒவ்வொரு தெருவுக்கும் உரிமை கொண்டாடும் நாய்கள் அங்கே இருந்தன. அவை வேற்றூர் நாயைக் கண்டு சூழ்ந்துகொண்டு குரைத்தன. பூட்டிய வீட்டில் தனியே விட்டால் மணி இடைவிடாது ஊளையிட்டது. அண்டை வீட்டார் முகம் சுளித்தனர். யாராவது ஒருவர் எப்போதும் அதனோடு இருக்க வேண்டியதாயிற்று.

இத்தனைக்கும் நடுவில் பெரியவரின் மனத்தில் ஓர் ஆசை இருந்தது. மயிலையில் கபாலீஸ்வரரைப் பிரதோஷ வேளையில் தரிசிக்க வேண்டும். அங்குள்ள அறுபத்து மூவருள் அதிபத்த நாயனாரைக் கண்ணாரக் காண வேண்டும். பங்குனிப் பெருவிழாவில் அறுபத்து மூவரும் வீதி வலம் வரும் தலமல்லவா அது! அதிபத்தர் நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் பரதவர் குலத்தில் தோன்றியவர். வலையில் வரும் மீன்களில் ஒன்றை நாள்தோறும் சிவபெருமானுக்கென்று கடலில் விடுவது அவரது வழிபாடு. வறுமை வந்துற்று, நாளுக்கு ஒரு மீன் மட்டுமே கிடைத்த காலத்திலும் அந்த ஒன்றை இறைவனுக்கே விட்டார். பொன்னும் மணியுமாய் ஒளிவீசும் மீன் ஒன்று கிடைத்த நாளிலும் அவர் தயங்கவில்லை. இவ்வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் பாடியிருக்கிறார். வலை பிடித்த கைகளுக்கு நாயன்மார் வரிசையில் ஓர் இடம் உண்டு என்னும் பெருமிதம் பெரியவருக்கு இளமை முதலே இருந்தது.

பிரதோஷம் ஊர் திரும்புவதற்கு முந்திய நாளில் அமைந்தது. மகனுக்கு இரவு வேலை. மருமகளும் பேரக் குழந்தைகளும் உடன் வர, மணியையும் அழைத்துக்கொண்டு முதியவர்கள் மயிலைக்குச் சென்றார்கள். ஆலயத்துக்குள் நாயை அழைத்துச் செல்லக் கூடாது என்பதில் பெரியவருக்குச் சிறிதும் மாற்றுக் கருத்தில்லை. திருக்கோயிலின் தூய்மைக்கு ஆகமம் வகுத்த வரம்பு அது. அங்கே கூடும் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் பாதுகாப்பும் அதுவே. முதலில் மனைவி சென்று வருவது, பிறகு அவரிடம் சங்கிலியைக் கொடுத்துவிட்டுத் தாம் செல்வது என்று முடிவு செய்திருந்தார்.

அம்மையார் தரிசனம் முடித்து, நெற்றி நிறைய நீறணிந்து திரும்பி வந்தார். "நீங்க போயிட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்" என்று சங்கிலியை வாங்கிக்கொண்டார். பெரியவர் எழுந்து நான்கடி வைத்திருப்பார். உள்ளேயிருந்து மேளமும் சங்கும் ஒருசேர முழங்கின. வீதியில் வண்டிகளின் ஒலிப்பான்கள் அலறின. ஏரிக்கரையின் அமைதியில் வளர்ந்த மணி உடல் நடுங்கி, சங்கிலியை இழுத்துக்கொண்டு அவர் பின்னே பாய முயன்றது. அம்மையாரின் கையில் அதை அடக்கும் வலு இல்லை. பெரியவர் திரும்பி வந்து முதுகில் கை வைத்ததும் அடங்கியது. மீண்டும் புறப்பட்டார், மீண்டும் அதே நடுக்கம். மூன்றாம் முறை அதன் கழுத்துப்பட்டை நழுவத் தொடங்கியது. பக்கத்திலேயே வண்டிகள் ஓடும் வீதி.

பெரியவர் உட்கார்ந்துவிட்டார். "தாத்தா, நீங்க சாமி பாக்கலையா?" என்று பேத்தி கேட்டாள். அவர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கைகூப்பினார். உள்ளே தீபாராதனை மணி ஒலித்தது. ஒரு கை நாயின் முதுகில் இருக்க, மறு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுநாள் விடியுமுன் குட்டி யானை ஊருக்குத் திரும்பியாக வேண்டும். அதிபத்தரை அவர் காணவில்லை.

அந்த மாலை அவருக்கு இழப்பா? நம் இதிகாசம் இதற்கு விடை வைத்திருக்கிறது. மகாபாரதத்தின் பதினேழாவது பருவமான மகாபிரஸ்தானிகத்தில், பாண்டவரும் திரௌபதியும் அனைத்தையும் துறந்து வடதிசை நோக்கி நடக்கிறார்கள். ஒரு நாய் அவர்களைப் பின்தொடர்கிறது. திரௌபதி, சகதேவன், நகுலன், அருச்சுனன், வீமன் என ஒவ்வொருவராய் வீழ, தருமரும் நாயுமே எஞ்சுகிறார்கள். இந்திரன் தேரோடு வந்து சுவர்க்கத்துக்கு அழைக்கிறான். நாய்க்கு அங்கே இடமில்லை என்கிறான். தம்மை நம்பி வந்ததைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் தமக்கு வேண்டாம் என்று தருமர் மறுத்துவிடுகிறார். அந்த நாய் தரும தேவதையே என்பது அதன்பின் வெளிப்படுகிறது. நாயைச் சுவர்க்கத்துக்குள் புகுத்த அவர் வழக்காடி வென்றார் என்பதன்று கதையின் உட்பொருள். வாசல் வரை வந்தும், தம்மை அடைந்ததை விட்டுவிட்டு உள்ளே செல்ல மனம் கொள்ளவில்லை என்பதே அவரது பெருமை.

வங்கத்து வைணவ மரபிலும் இத்தகைய வரலாறு ஒன்று உண்டு. கிருஷ்ணதாச கவிராஜர் இயற்றிய சைதன்ய சரிதாமிருதம் அதைச் சொல்கிறது. சைதன்ய மகாபிரபுவைத் தரிசிக்க ஆண்டுதோறும் அடியார் கூட்டத்தைப் புரிக்கு அழைத்துச் சென்றவர் சிவானந்த சேனர். ஒருமுறை நாய் ஒன்றும் அக்கூட்டத்தோடு நடந்து வந்தது. ஆற்றைக் கடக்கும்போது படகோட்டி அதை ஏற்ற மறுத்தான். சிவானந்தர் அதற்கெனத் தனியே கூலி கொடுத்து அக்கரை சேர்த்தார். வேறொரு நாள் அவர் சுங்கச் சாவடியில் தாமதமாகிவிட, பணியாள் நாய்க்குச் சோறிட மறந்தான்; நாய் காணாமற் போயிற்று. ஆள்களை அனுப்பித் தேடியும் கிடைக்காமல், அன்றிரவு சிவானந்தர் உண்ணவில்லை. புரியை அடைந்து பார்த்தால், மகாபிரபுவின் அருகே அந்த நாய் அமர்ந்திருந்தது. அவர் இளநீர் வழுக்கையைப் பிரசாதமாக எறிய, அது உண்டு கிருஷ்ண நாமம் சொல்லிக்கொண்டிருந்தது என்கிறது அந்நூல். கூட்டத்துக்கு முன்பே அருள் பெற்றது அதுவே!

மயிலையிலிருந்து திரும்பும்போது அம்மையாருக்கு மனம் ஆறவில்லை. தமக்குக் கிடைத்தது கணவருக்குக் கிடைக்கவில்லையே என்று வருந்தினார். பெரியவர் நீண்ட நேரம் பேசாமலிருந்து, பிறகு சொன்னார்: "அதிபத்தருக்கு அன்னைக்குக் கெடைச்சது ஒரே மீனு. அதையும் விட்டாரு. எனக்குக் கெடைச்சது ஒரே சாயங்காலம்."

அவர் எந்த நூலையும் ஓதியவரல்லர். ஆயினும் நாயனார் வரலாற்றின் சாரம் அவருக்குக் கைவந்திருந்தது. எஞ்சியதில் சிறிது ஈவது எல்லோர்க்கும் இயலும். இருப்பதே ஒன்று என்னும்போது அதை ஈவதுதான் அரிது. அந்த ஒற்றை மாலையை அவர் யாருக்குக் கொடுத்தாரோ, அது பேச்சறியாத உயிர். அம்பிகையே மயில் வடிவில் வந்து இறைவனைப் பூசித்த தலம் மயிலை. உயிர்களின் வடிவத்தைப் பார்த்து அருளை அளக்காத பெருமான், வெளியே நாயோடு அமர்ந்திருந்த வலைஞரை அறியாமலா இருந்திருப்பான்?

விடுமுறைக்குப் புறப்படும் குடும்பங்கள் எல்லாம் நாயை உடன் அழைத்துச் செல்ல வேண்டும் என்பதில்லை. நெடும்பயணமும் கூட்டமும் இரைச்சலும் பல நாய்களுக்குத் துன்பமே தரும். நம்பத் தகுந்த ஒருவர் வேளை தவறாமல் சோறும் நீரும் வைப்பாரெனில் வீட்டில் விட்டுச் செல்வதே அதற்கு நன்மை. அழைத்துச் செல்வதானால் தடுப்பூசி, உறுதியான கழுத்துப்பட்டை, குடிக்க நீர், வெயில் தாழ்ந்த நேரத்து நடை ஆகியன தவறக் கூடாது. ஆலய வாசலில் அதைக் கட்டிப்போட்டுவிட்டு எல்லோரும் உள்ளே சென்றுவிடுவது தகாது; ஒருவர் மாற்றி ஒருவர் உடனிருக்க வேண்டும். அப்படி வெளியே நிற்பவருக்குக் கோபுர தரிசனம் உண்டு. உள்ளே சென்றவர் அவருக்காகவும் ஒரு விளக்கேற்றி வரலாம்.

அர்த்தசாம பூசை நிறைவுற்று நடை சாத்தியபின், திருக்கோயில் சாவியைப் பைரவர் சந்நிதியில் வைப்பது பல சிவாலயங்களில் வழக்கம். காவல் தெய்வமான அவருடைய வாகனம் நாய். தேய்பிறை அட்டமியில் அவருக்கு விளக்கேற்றி வழிபடும் இல்லத்தார், ஊருக்குப் புறப்படுமுன் தம் வாசலைக் காக்கும் ஜீவனுக்கு ஒரு வழி செய்துவிட்டுப் புறப்படுவதும் அந்த வழிபாட்டில் சேர்ந்ததே.