குளத்தங்கரைப் புல்

கதை எழுதுகிறவன் பொய் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நன்றாகச் சொன்னால் சன்மானம்கூடக் கொடுக்கிறார்கள். ஆனால் நான் சொன்ன பொய்களில் ஒன்று மட்டும் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. அது ஒரு புல்லைப் பற்றியது.

கல்லூரியில் தாவர சாஸ்திரம் படித்தபோது, செடிகளை உலர்த்தி, தாளில் ஒட்டி, பறித்த இடத்தையும் தேதியையும் எழுதிக் கொடுக்க வேண்டும். கடைசி நாள்வரை சும்மா இருந்துவிட்டு, எங்கள் தெருக்கோடிக் குளத்தங்கரையில் கைக்கு அகப்பட்ட புல்லைப் பிடுங்கி ஒட்டினேன். குளத்தங்கரை என்று எழுதினால் என்ன கௌரவம்? 'கொல்லிமலை' என்று எழுதினேன். ஆசிரியர் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அமெரிக்காவில், யூட்டா, அரிஸோனாப் பாலைவனப் பள்ளத்தாக்குகளைப் பற்றி அண்மையில் படித்தபோதுதான் இது ஞாபகம் வந்தது. அங்கே மணலில் குத்துக் குத்தாக ஒரு புல் வளர்கிறது. 'இந்தியன் ரைஸ்கிராஸ்' என்று பெயர். இந்தியன் என்றால் நாமல்ல. அந்த மண்ணின் ஆதிக்குடிகள். ஹோப்பி, பையூட், நவாஹோ மக்கள் அதன் கறுப்பு விதைகளை மாவாக்கிச் சாப்பிட்டவர்கள்.

1817இல் விஞ்ஞானிகள் அதை ஸ்டைபா என்றார்கள். பிறகு ஒரிஸாப்சிஸ், அப்புறம் அக்னாதிரம், இப்போது எரியோகோமா. உலர்ந்த செடிகளைக் காக்கும் ஹெர்பேரியங்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. புதுப் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பக்கத்தில் ஒட்டுவார்களே தவிர, பழைய சீட்டைக் கிழிப்பதில்லை. பெயர் எத்தனை முறை மாறினாலும், பறித்த இடமும் நாளும் அப்படியே இருக்கும். அவை இல்லாவிட்டால் அது வெறும் வைக்கோல்தானே?

1938 ஜூன் 20ஆம் தேதி, மிச்சிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்த எல்ஸாடா குளோவர், லோயிஸ் ஜாட்டர் என்ற இரண்டு பெண்கள், யூட்டாவில் கிரீன் ரிவர் என்ற ஊரில் படகேறினார்கள். குளோவருக்கு அப்போது ஏறக்குறைய என் வயதுதான். கொலராடோ நதியின் சுழல்களைத் தாண்டி, ஆகஸ்டு 1ஆம் தேதி மீட் ஏரியை அடைந்தார்கள். படகு கவிழுமோ என்ற கவலைக்கு நடுவிலும் வழியெல்லாம் செடி பறித்து, தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி, இடத்தையும் நாளையும் குறித்துக்கொண்டார்கள். 1944இல் அந்தத் தாவரங்களைப் பற்றி விரிவாக எழுதி வெளியிட்டார்கள்.

அவர்கள் கடந்து வந்த கிளென் பள்ளத்தாக்கில் பின்னால் அணை கட்டினார்கள். 1963இல் அதன் கதவுகளை மூடியதும் தண்ணீர் ஏறத் தொடங்கியது. அவர்கள் நடந்த கரைகள் பாவெல் ஏரிக்குள் அமிழ்ந்தன. அங்கே என்னென்ன முளைத்திருந்தது என்று கேட்டால், சாட்சி சொல்ல அந்தத் தாள்கள் இருக்கின்றன.

எங்கள் குளமும் இப்போது இல்லை. அதைத் தூர்த்துப் பஸ் நிலையம் கட்டிவிட்டார்கள். இங்கே படித்துறை இருந்தது, கரையெல்லாம் புல் இருந்தது என்று சொன்னால், என் பிள்ளை சிரிக்கிறான். "அப்பா, இதுவும் கதைதானே?" என்கிறான்.

கதையல்லவென்று காட்ட ஒரே ஒரு தாள் இருந்தது. அதில்தான் கொல்லிமலை என்று எழுதிவிட்டேன்.