ஓதிப் பார்க்க அழைத்தார்கள்



கட்டபெட்டில் மார்கழிப் பனி இறங்கியிருந்த ஓர் இரவு. இஷா தொழுகையை முடித்து வீடு திரும்பியிருந்தோம். கதவு தட்டப்பட்டது. தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் ஒரு பாயின் மகன் வாசலில் நின்றிருந்தான். "ஹஜ்ரத், அத்தா ஒரு மாதிரியா பேசுறாங்க. அம்மா உங்களை வந்து ஓதிப் பார்க்கச் சொன்னாங்க" என்றான்.

சென்று பார்த்தோம். முதல் வரிசையில் நின்று தொழுகிறவர் எம்மை யாரென்று கேட்டார். ஃபாத்திஹா சூராவின் ஆயத்துகள் அவர் நாவில் முன்பின்னாக வந்தன. பகலெல்லாம் உறங்கி இரவெல்லாம் விழித்திருக்கிறார் என்று வீட்டார் கூறினர். துஆவுக்கென நீட்டிய கைகள் பறவையின் சிறகுபோல் படபடத்தன. மஃரிப் நேரத்தில் சில்வர் ஓக் மரத்தடி வழியாக வந்திருப்பார், ஜின்னின் தீண்டலாகத்தான் இருக்கும் என்று அக்கம்பக்கத்தார் முடிவு செய்துவிட்டனர். நாமும் அதை மறுக்கவில்லை. ஆயத்துல் குர்ஸியும் மூன்று குல் சூராக்களும் ஓதி, தண்ணீரில் ஊதிக் கொடுத்து வந்தோம். மறுநாளும் இருமுறை ஓதினோம். மூன்றாம் நாள் சுப்ஹுக்கு அவரை எழுப்ப முடியவில்லை.

கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி, கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். மருத்துவர் அவர் மனைவியிடம் கேட்ட முதற்கேள்வி எமக்கு விந்தையாக இருந்தது: "கடைசி நாலு நாளில் எத்தனை தடவை மலம் கழித்தார்?" அந்த அம்மையார் தலைகுனிந்து, "போகலைங்க" என்றார்.

அவருக்குக் கல்லீரல் சுருக்க நோய் இருப்பது ஈராண்டுகளாக வீட்டாருக்குத் தெரியும்; ஊருக்குத் தெரியாது. ஈரல் கெட்டது என்றால் குடித்திருப்பார் என்றல்லவா பேசுவார்கள்? அந்த நாவுக்கு அஞ்சியே மறைத்தார்கள். மதுவைத் தொட்டே அறியாத மனிதர் அவர். நீண்ட நாள் சர்க்கரை நோயும் உடற்பருமனும் ஈரலில் கொழுப்பாகச் சேர்ந்து தழும்பாகி அதைச் சுருக்கிவிட்டன. மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைட்டிஸ் பி, சி ஆகியவையும் இவ்வாறே செய்யும். அவற்றுக்குரிய பரிசோதனையையும் மாத்திரைகளையும் 2018 முதல் நடுவண் அரசின் திட்டம் இலவசமாகவே வழங்குகிறது. ஹுஜுராத் சூராவில் தடுக்கப்பட்ட தீய எண்ணத்தைப் பற்றி நாம் பல ஜும்ஆக்களில் பயான் செய்திருக்கிறோம். அப்படியிருந்தும் அவருடைய வீங்கிய வயிற்றைக் கண்டபோது எம் உள்ளத்திலும் அந்த எண்ணம் ஒரு கணம் எழுந்ததை மறைப்பதற்கில்லை.

மருத்துவர் விளக்கியது இதுதான். குடலில் உண்டாகும் அம்மோனியா என்னும் நச்சை நல்ல ஈரல் வடிகட்டிவிடும். சுருங்கிய ஈரலால் அது இயலாது. நச்சு மூளைக்கு ஏறுகிறது. பிதற்றல், தூக்க மாற்றம், கைப் படபடப்பு, இறுதியில் மயக்கம் எல்லாம் அதனால் வருபவை. லாக்டுலோஸ் என்னும் இனிப்பு மருந்து அந்த நச்சைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றும். நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாக மலம் போகும் அளவில் அதைக் குடிக்க வேண்டும். மலச்சிக்கலும், உடலில் எங்கேனும் தொற்றும், உள்ளே இரத்தக் கசிவும், தூக்க மாத்திரையும் இந்த நிலையைத் தூண்டிவிடும்.

அவர் அம்மருந்தை நிறுத்தியது ஏன் தெரியுமா? தொழுகைக்கு இடையில் உளூ முறிகிறது. இந்தக் குளிரில் மீண்டும் மீண்டும் உளூச் செய்ய வேண்டியிருக்கிறது. ஜும்ஆவில் எழுந்து போனால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதற்காக! எம்மிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நோயாளிக்கு ஜும்ஆ கடமையில்லை, வீட்டில் லுஹர் தொழுதால் போதும், வெந்நீரில் உளூச் செய்யுங்கள் என்று சொல்லியிருப்போம். கேட்கும்படியாக நாம் நடந்துகொண்டோமா என்பது வேறு கேள்வி. தாமதமான அந்த இரண்டு நாள்கள் எம் கணக்கில் எழுதப்பட்டவை. ஓதிப் பார்ப்பது தவறென்று நாம் கூறவில்லை. வண்டியில் ஏற்றிவிட்டு வழியெல்லாம் ஓதியிருக்கலாம்.

அல்ஹம்துலில்லாஹ், நான்காம் நாள் கண் விழித்து மனைவியின் பெயரைச் சொன்னார். வயிற்றில் கோத்திருந்த நீரை ஊசி வழியே வடித்து, ஆல்புமின் ஏற்றினார்கள். அது மனித இரத்தத்திலிருந்து எடுக்கப்படுவதாயிற்றே, கூடுமா என்று உறவினர் ஒருவர் கேட்டார். நிர்ப்பந்தத்தின் அடிப்படையில் கூடும் என்றோம். எண்டோஸ்கோப்பி செய்து, உணவுக்குழாயில் புடைத்திருந்த இரத்தநாளங்களை ரப்பர் வளையமிட்டுக் கட்டினார்கள். அவை வெடித்தால் இரத்த வாந்தி வரும், அல்லது மலம் தார்போல் கறுத்துப் போகும். நடுநிசியானாலும் உடனே புறப்பட வேண்டும். வீட்டில் கருவாடும் ஊறுகாயும் நின்றன. முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கி விழுங்கிய வலிமாத்திரையும் நின்றது. ஈரலில் கட்டி ஏதும் தோன்றுகிறதா என அறிய ஆறு மாதத்துக்கொருமுறை ஸ்கேன். ஆனால் முட்டை, பருப்பு, மீன் ஆகியவற்றைக் குறைக்கக் கூடாதாம். கஞ்சி மட்டும் கொடுத்து அவரை இளைக்க வைத்திருந்த வீட்டாருக்கு இது புதுச் செய்தி.

அதையடுத்து ரமலான் வந்தது. நோன்பு நோற்கக் கூடாது என்றார் மருத்துவர். நம் போன்றோர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடல் தசையைக் கரைக்கத் தொடங்கும் நிலையை, இந்நோயாளி ஓர் இரவுப் பட்டினியிலேயே அடைந்துவிடுகிறார். ஆகவே படுக்குமுன்னும் ஏதேனும் உண்ண வேண்டும். பாய் குழந்தைபோல் அழுதார். தீராத நோயாளி ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா சலுகையும் அல்லாஹ் அளித்ததே என்று எடுத்துரைத்தோம். அன்றே முப்பது பேருக்கு அரிசியும் பருப்பும் கணக்கிட்டார். கணக்கர் அல்லவா!

இப்போது மகன் கேட்கிறான்: "ஹஜ்ரத், என் ஈரலில் ஒரு பகுதியை அத்தாவுக்குக் கொடுக்கலாமா?" கொடுத்தவருக்குச் சில மாதங்களில் ஈரல் மீண்டும் வளர்ந்துவிடுகிறது. 1998 நவம்பரில் காஞ்சிபுரத்துக் குழந்தை சஞ்சய் கந்தசாமிக்கு டெல்லி அப்பல்லோ மருத்துவமனையில் தந்தையின் ஈரல் பகுதியைப் பொருத்தினார்கள். குழந்தைகளுக்கான ஈரல் மாற்றில் இந்தியாவின் முதல் வெற்றி அது. அக்குழந்தை வளர்ந்து மருத்துவரானார். நம் மாநிலத்தில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்த அறுவைக்கு இடமுண்டு. மார்க்கத் தீர்ப்பைப் பொறுத்தவரை, 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, கொடுப்பவரின் உயிருக்குக் கேடில்லாமலும் விலை பேசாமலும் கொடுப்பதை அனுமதித்தது. நம் நாட்டு உலமாக்களில் மாற்றுக்கருத்துடையோரும் உளர். இரண்டையும் அவனிடம் சொன்னோம். பரிசோதனைகள் நடந்துகொண்டிருக்கின்றன, துஆச் செய்யுங்கள்.

அவர்கள் வீட்டு நாள்காட்டியில் தொழுகை நேரங்களுக்கு அருகே அந்த அம்மையார் நாள்தோறும் பென்சிலால் கோடு போட்டு வருகிறார். கோடு இரண்டுக்குக் குறைந்தால் முதலில் மருத்துவருக்குப் போன் போகிறது, பிறகுதான் எமக்கு.