ஒரு செட்

நசரத்பேட்டையில் நான் வேலை பார்த்த மருந்துக்கடையில் சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் அநேகமாக ஒரே வார்த்தைதான் கேட்கும். "தம்பி, உடம்பு வலிக்கு ஒரு செட்." ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமிருந்து வரும் கம்பெனி வண்டிகள் பெங்களூர் ஹைவேயில் ஆட்களை இறக்கிவிடுகிற நேரம். மாத்திரையின் பெயரை யாரும் கேட்கமாட்டார்கள், நானும் சொன்னதில்லை. டைக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த ஒன்று, வயிற்றுக்கு பேன்டோப்ரசோல், கூடவே ஒரு பி காம்ப்ளெக்ஸ். அட்டையைக் கத்தரியால் நறுக்கிச் சின்னக் கவரில் போட்டுக் கொடுப்பேன். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று பின்னால் அச்சிட்டிருக்கும் வரி நறுக்கும்போது இரண்டாகிவிடும்.

அம்மாவுக்கும் அதைத்தான் எடுத்துப்போனேன். ஓனர் காசு வாங்கமாட்டார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அம்மாவுக்கு ஒரு குடோனில் பேக்கிங் வேலை. எட்டு மணி நேரமும் நின்றபடி. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. செட்டைப் போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் படியேறிவிடுவாள். "இது இல்லன்னா எப்படிடா நிக்கிறது?" என்பாள்.

எட்டு மாதம் கழித்துக் கால் வீங்கியது. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.9. என்னென்ன மாத்திரை என்று டாக்டர் கேட்டபோது, அம்மா பிரஷர் மாத்திரையை மட்டும் எடுத்துக் காட்டினாள். டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்தது. செட்டைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நான்தான் சொன்னேன். "யார் குடுத்தா?" என்றார். அதையும் சொன்னேன்.

டைக்ளோஃபெனாக் வலியை எப்படிக் குறைக்கிறது என்று டிப்ளமோவில் படித்துத்தான் இருந்தேன். உடம்பு ப்ரோஸ்டாகிளாண்டின் தயாரிப்பதைத் தடுக்கிறது. ஆஸ்பிரினுக்கு இதுதான் வேலை என்று 1971இல் ஜான் வேன் காட்டினார், 1982இல் நோபல் பரிசில் பங்கும் வாங்கினார். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அதே ப்ரோஸ்டாகிளாண்டின்தான் சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் குழாயைத் திறந்து வைத்திருக்கிறது. டெல்மிசார்டன் வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது. கூட இருப்பது நீர் பிரியும் மாத்திரை. வரத்துக் கால்வாயை அடைத்து, கீழ் மடையைத் திறந்து, ஏரியில் இருந்த தண்ணீரையும் இறைத்துவிட்ட கதை. பேன்டோப்ரசோல் வயிற்றைத்தான் காக்கும். "கேஸ் மாத்திரையும் சேர்த்துத்தானே குடுக்கிறோம்" என்று நாங்கள் வைத்திருந்த தைரியத்துக்கும் சிறுநீரகத்துக்கும் சம்பந்தமே இல்லை.

கழுகுகள் என்று நாம் பொதுவாகச் சொல்லும் பாறு இனங்கள் அழிந்ததும் இதே மருந்தால், இதே உறுப்பில்தான். ஊசி போட்ட மாடு செத்தால், அதைத் தின்ற பறவைக்குச் சிறுநீரகம் போகும். 2006இல் இந்தியா மாட்டு வைத்தியத்துக்கு டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் பாறுகளைப் பற்றி எங்கோ வாசித்து வருத்தப்பட்டிருக்கிறேன். அன்று சாயங்காலமும் செட் நறுக்கியிருப்பேன்.

செட்டை நிறுத்திய ஆறாவது வாரம் கிரியாட்டினின் 1.3க்கு இறங்கியது. வலி இறங்கவில்லை. இப்போது பாராசிட்டமால் 650, ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அளவோடு போட்டால் சிறுநீரகத்துக்குப் பெரிய தொந்தரவில்லை. அளவு மீறினால் ஈரல் போகும். செட்டுக்குள்ளும் 325 மில்லிகிராம் பாராசிட்டமால் இருப்பது தெரியாமல் காய்ச்சலுக்குத் தனியாகவும் போடுகிறவர்களை இப்போதுதான் கவனிக்கிறேன். ஆனால் தேய்ந்த மூட்டுக்கு அது போதாது. இதை அம்மாவிடம் மறைக்க முடியவில்லை.

கடையில் இப்போது "பிரஷர் மாத்திரை போடுறீங்களாக்கா?" என்று கேட்கிறேன். சிலர் பதில் சொல்கிறார்கள். சிலர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். ஓனர் என்னைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார்.

போன வாரம் அம்மா குடோனில் ஒரு ஸ்டூல் கேட்டாள். சூப்பர்வைசர் பார்க்கலாம் என்றாராம். வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தாள். நான் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"ஞாயித்துக்கெழம மட்டும் ஒண்ணு குடுடா. கல்யாணத்துக்குப் போணும்."

"வேணாம்மா."

"நீதானடா மொதல்ல எடுத்தாந்த."

அடுத்த காலுக்குத் தைலம் ஊற்றினேன்.