தெருவோரத்து அறங்கள்

அறம் இன்னதென்று அறிய விரும்புவோர் நூல்களை நாடுவர். அந்நூல்கள் கூறும் அறங்களுட் சிலவற்றை நம் முன்னோர் கல்லிலும் சுண்ணாம்பிலும் ஆக்கித் தெருவோரத்தில் வைத்துச் சென்றிருக்கின்றனர். அவற்றைக் கண்ணாரக் காணும் விருப்பத்துடன், விடுமுறை நாளொன்றில் மாணவர் இருவரையும் அழைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் புறப்பட்டோம். பிரயாணம் முப்பது கிலோமீற்றருக்குச் சற்றே கூடியதுதான். எனினும் அன்று மாலைவரை நமக்கு அது போதியதாயிருந்தது.

நல்லூரையும் இருபாலையையும் கடந்து, கோப்பாய், நீர்வேலி வழியாக பஸ் ஓடியது. இருமருங்கிலும் செம்மண் தோட்டங்கள். நீர்வேலியில் வாழைகள் குலை தள்ளி நின்றன. இத்தனை பசுமைக்கும் வற்றாத ஆறு ஒன்றுகூட இங்கில்லை. மாரியிற் பெய்யும் மழை சுண்ணக்கற் பாறையுள் இறங்கித் தங்குகிறது. அதனைக் கிணறு தோண்டியே பெறவேண்டும். நீரின் அருமை அறிந்த மக்கள், நீர் கொடுப்பதைத் தலையாய அறங்களுள் ஒன்றாகக் கொண்டதில் வியப்பில்லை.

புத்தூர், ஆவரங்கால் தாண்டியதும் வல்லைவெளி எதிர்ப்படுகிறது. நிழலற்ற பரந்த வெளி. ஆளைத் தள்ளும் காற்று. நடுவே தொண்டைமானாற்று நீரேரி. வாகனமில்லாத காலத்தில் இவ்வெளியைக் கால்நடையாகக் கடந்தவன் அக்கரை சேர்ந்ததும் முதலில் எதைத் தேடியிருப்பான்? இருக்க ஒரு நிழலும் குடிக்க ஒரு செம்பு நீருமே. அத்தேவையை உணர்ந்தவர்களே வடமராட்சித் தெருக்களிலும், குடாநாட்டின் பிற பகுதிகளிலும், மடங்களையும் கேணிகளையும் அமைத்தனர். பழைய வீடுகளின் வாயிலில் அமைந்த சங்கடப்படலையும் இவ்வகையினதே. படலைக்கு மேல் ஒரு சிறு கூரையும் இருபுறத்தும் திண்ணையும் இருக்கும். வழிப்போக்கன் எவரையும் கூப்பிடாமல், எவரிடமும் கேளாமல், அங்கே அமர்ந்து இளைப்பாறலாம். கேட்டுப் பெறும் கூச்சத்தையும் அவனுக்கு வைக்கக்கூடாதென்று எண்ணிய மனம் எத்துணை நுட்பமானது!

நெல்லியடியில் இறங்கி உட்தெருக்களால் நடந்தோம். கேணியொன்றின் அருகே, நிலத்தில் நாட்டிய கற்றூண் ஒன்று நின்றது. அதன் பயன் யாதென்று மாணவர் வினவினர். அதுவே ஆவுரோஞ்சிக் கல். தண்ணீர் குடிக்க வரும் மாடுகள் தம் உடலின் தினவைத் தீர்த்துக்கொள்ள உரைஞ்சுவதற்கென நாட்டப்பட்டது. மாட்டுக்குக் கையில்லை, முதுகு அரித்தால் அது என் செய்யும் என்று ஒருவர் எண்ணிப் பார்த்திருக்கிறார். நம் நூல்கள் கூறும் முப்பத்திரண்டு அறங்களுள் இதுவும் ஒன்றாக எண்ணப்பட்டுள்ளது.

அங்கிருந்து சற்றுத் தூரத்தில் சுமைதாங்கி ஒன்றைக் கண்டோம். இரு தூண்கள், அவற்றின் மேல் கிடையாக ஒரு கல். தலைச்சுமையோடு தனியே செல்பவர் சுமையை நிலத்தில் இறக்கினால், மீண்டும் தூக்கிவிட ஆள் வேண்டும். இக்கல்லிலோ சுமையைத் தலையிலிருந்து அப்படியே நகர்த்தி வைக்கலாம். ஆறிய பின் அவ்வாறே மீட்டுக்கொள்ளலாம். பிள்ளையைப் பெறாமலே வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக இத்தகைய கற்களை நாட்டுவது வழக்கமாயிருந்தது. தன் சுமையை இறக்கிவைக்காமற் போனவளின் பேரால், ஊரார் சுமை இறங்கட்டும் என்று அவள் குடும்பத்தார் கருதினர். ஆற்றொணாத் துயரத்தையும் பிறர்க்கு உதவியாக மாற்றலாம் என்பதை நாம் அவ்விடத்தில் உணர்ந்து நின்றோம்.

மாணவர் அளவுநாடாவை எடுத்துக் கல்லின் உயரத்தை அளந்து குறித்தனர். நம் பைகளும் குடையும் கல்லின் மேலிருந்தன. பின்னால் ஒரு குரல் கேட்டது:

“பிள்ளையள், உந்தப் பையளை ஒருக்கா எடுங்கோ மோனை. கட்டை இறக்கப் போறன்.”

விறகுக் கட்டுடன் ஒரு மூதாட்டி நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ, அறியோம். சுமை தாங்குவதற்கென்று நாட்டிய கல்லை நம் பைகளால் அடைத்துவிட்டு, அறத்தைப் பற்றி நாம் குறிப்பெழுதிக் கொண்டிருந்தோம்! நாணத்துடன் பைகளை எடுத்தோம். அவர் தலையைச் சற்றே சாய்த்துக் கட்டை நகர்த்திவிட்டு, நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

“இந்தக் கல்லை நாட்டியவர் ஆர் ஆச்சி?” என்று கேட்டோம்.

“எனக்கெப்பிடித் தெரியும் மோனை? ஆரெண்டாலும் அவை நல்லாயிருக்கட்டும்.”

மாணவருள் ஒருவன் விறகுக் கட்டைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு ஆச்சியின் படலைவரை சென்றான். திரும்பி வருகையில் கழுத்தைத் தடவியபடி, “அந்தக் கல் ஏன் அந்த உயரத்தில் இருக்கிறதென்று இப்போதுதான் விளங்குகிறது” என்றான்.

மாலையிற் பருத்தித்துறையை அடைந்து தெருமூடி மடத்தைப் பார்த்தோம். தும்பளை வீதியில், தெருவின் குறுக்கே கூரையமைத்து, இருபுறமும் கற்றூண்களும் திண்ணைகளும் வைத்துக் கட்டிய மடம் அது. தெருவே அதனூடாகச் செல்கிறது. வழிப்போக்கன் மடத்தைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. அவன் வழியிலேயே மடம் காத்திருக்கிறது.

திண்ணையில் அமர்ந்திருந்தபோது மற்றொன்றையும் மாணவர்க்குச் சொன்னோம். அதனை மறைத்தல் நேர்மையாகாது. இவ்வறங்களைச் செய்த அதே சமுதாயம், தன் மக்களுள் ஒரு பகுதியினருக்குக் கிணற்றில் நீரள்ளும் உரிமையையும் நெடுங்காலம் மறுத்து வந்தது. அத்தகைய மறுப்பைக் குற்றமாக்க 1957 ஆம் ஆண்டிற் சட்டம் வேண்டியிருந்தது. அதன் பின்னரும் ஆலய வாயில்களிலும் தேநீர்க் கடைகளிலும் மக்கள் போராட நேர்ந்தது. மாட்டின் தினவை உணர்ந்தவர்கள் பக்கத்து மனிதனின் தாகத்தை உணராதிருந்தனர். முன்னோரிடம் கற்க வேண்டியவற்றுள் இதுவும் ஒன்று.

1995 ஒக்டோபர் இறுதியில், போரினால் வலிகாமத்து மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் இடம்பெயர்ந்தபோது, பாடசாலைகளும் கோயில் மண்டபங்களும் அறிந்திராதவர் வீட்டு விறாந்தைகளும் அவர்களுக்கு மடங்களாயின. அன்று கதவு திறந்தவர்களுட் பலர் புதிதாக எதனையும் கட்டவில்லை. தம்மிடம் இருந்த இடத்தையே ஒதுக்கிக் கொடுத்தனர்.

இன்று நம்மிற் பலரால் மடம் கட்ட இயலாது. எனினும் பஸ்ஸில் நிற்கும் முதியவருக்கு இருக்கையையும், வெயிலில் வரும் தபாற்காரருக்குத் தண்ணீரையும் அவர் கேட்குமுன் கொடுக்க இயலும். அதற்கு முன், நம் பைகள் எவருடைய சுமைதாங்கியின் மேல் இருக்கின்றன என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தல் நன்று. வீடு திரும்பும் பஸ்ஸில், நம் மாணவர் இருவரும் யாழ்ப்பாணம் வரை நின்றபடியே வந்தனர்.